அருவிக்கு மேலே விட்ட மீன்கள்

கொளத்தூர் வண்ணமீன் சந்தைக்குப் போனவர்களுக்குக் கப்பியை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. காற்றடைத்த பிளாஸ்டிக் பைகளில் வரிசையாகத் தொங்கும், அகன்ற வால் வைத்த சின்ன மீன். சந்தை இல்லாத ஊரிலும் அது உண்டு. கொசுப்புழுவைத் தின்னும் என்று சுகாதாரத் துறையினர் கிணற்றிலும் வடிகாலிலும் கொண்டுவந்து விடுகிறார்கள்.

அதன் சொந்த மண் வெனிசுவேலாவும், அதற்கு எதிரே கடலில் கிடக்கும் டிரினிடாட் தீவும். சந்தையில் விற்கும் கப்பி மனிதர்கள் பொறுக்கிச் சேர்த்து வளர்த்த வகை. காட்டுக் கப்பி அதைவிடச் சிறியது, வாலும் குட்டை. பெண் வெறும் சாம்பல் நிறம். ஆணுக்குத்தான் ஆரஞ்சும் கறுப்பும் நீல மினுக்குமாகப் புள்ளிகள். ஒரு மடுவில் உள்ள ஆண்களில் எந்த இரண்டும் ஒன்றுபோல் இருக்காது. டிரினிடாட்டின் வடக்கு மலைத்தொடரில், முழங்கால் தண்ணீரில் நின்று இந்த மீனைப் பிடிப்பது, அளப்பது, எண்ணுவது, பிடித்த மடுவிலேயே திரும்ப விடுவது. பல ஆண்டுகள் என் வேலை அதுதான்.

கல்லூரியில் சூழலியலை ஓர் ஆசிரியரிடமும் பரிணாமத்தை வேறோர் ஆசிரியரிடமும் படித்தவள் நான். முதல் வகுப்பில் காலம் பருவமழையால் அளக்கப்பட்டது: இந்த ஆண்டு எத்தனை பிறந்தன, எத்தனை செத்தன, எது எதைத் தின்றது. இரண்டாவது வகுப்பில் பேச்சே லட்சம் ஆண்டுகளில்தான் தொடங்கும். இரண்டுக்கும் நடுவில் உறவு உண்டு என்பார்கள், ஆனால் ஒருவழி உறவு. ஜி. ஈ. ஹட்சின்சன் 1965இல் வெளியிட்ட புகழ்பெற்ற நூலின் தலைப்பிலேயே சூழல் அரங்கம், பரிணாமம் அதில் நடக்கும் நாடகம். நடிகர்கள் ஆடிக்கொண்டே அரங்கத்தின் பலகைகளைப் பெயர்த்து மாற்றியடிப்பதை நான் ஓடைகளில் பார்த்தேன். மாறிய பலகையில் ஆட்டமும் மாறியது. இது ஒரு மனித ஆயுளுக்குள், சொல்லப்போனால் ஒரு முனைவர் பட்டம் முடியும் காலத்துக்குள், கண்ணுக்குத் தெரிகிற வேகத்தில் நடக்கிறது.

வடக்கு மலைத்தொடரிலிருந்து அரிமா, குவானபோ, அரிப்போ என்று ஆறுகள் தெற்கே இறங்குகின்றன. இறங்கும் வழியெல்லாம் சிறு அருவிகள். குற்றாலம் அளவுக்கெல்லாம் வேண்டாம். ஆள் உயரப் பாறை ஒன்று குறுக்கே நின்றால் போதும், பெரிய மீன்கள் அதற்கு மேல் ஏறுவதில்லை. அருவிக்குக் கீழே பைக் சிக்ளிட் என்ற வேட்டை மீன் இருக்கிறது, ஓநாய் மீன் இருக்கிறது. இரண்டும் கப்பியை விழுங்கும். சில அருவிகளுக்கு மேலேயும் கப்பி உண்டு. அங்கே அதனுடன் வாழ்வது ரிவ்யுலஸ் என்ற ஒரே மீன். மழை இரவுகளில் ஈரத் தரையில் துள்ளித் துள்ளியே ரிவ்யுலஸ் அருவியைச் சுற்றிக்கொண்டு மேலே போய்விடும். அதனால் இன்னும் மேலே, கப்பிகூட எட்டாத ஓடைகளில், ரிவ்யுலஸ் மட்டும் தனியாட்சி நடத்தும். ஓர் ஆற்றில் இந்த மூன்று அடுக்கு இருந்தால் அது தற்செயல். ஆற்றுக்கு ஆறு இதே அடுக்கு திரும்பத் திரும்ப வருவதால்தான் உலகின் பல மூலைகளிலிருந்து ஆய்வாளர்கள் இந்தச் சின்ன மலைத்தொடருக்கு வருகிறார்கள்.

அருவிக்குக் கீழே வாழும் கப்பி சீக்கிரம் பருவமடையும். சின்ன உடம்பிலேயே குட்டி போடும். ஈற்றுக்குக் குட்டிகள் அதிகம், குட்டியின் அளவு சிறியது. மேலே உள்ளது தாமதமாகப் பருவமடையும், பெரிதாக வளரும், குறைவாக ஈனும், ஆனால் ஒவ்வொரு குட்டியும் திடமாகப் பிறக்கும். ஆணின் நிறமும் மேலே தூக்கல். கண்ணில் பட்டால் சாவு என்கிற இடத்தில் பளிச்சென்று இருக்க முடியாது. அந்தப் பயம் நீங்கிய இடத்தில் பெண்ணின் கண்ணைக் கவரும் ஆண் முந்திக்கொள்ளும்.

இதெல்லாம் சும்மா ஒப்பிட்டுப் பார்த்துச் சொன்ன கதையல்ல, மீனை இடம் மாற்றி நிறுவியது. கேரில் ஹாஸ்கின்ஸ் 1957இலேயே ஓர் ஆற்றின் கப்பிகளை வேறோர் ஆற்றுப் படுகையின் மேல்பகுதியில் கொண்டுபோய் விட்டார். ஜான் எண்ட்லர் 1976இல் அரிப்போ ஆற்றில் வேட்டை மீன்களுக்கு நடுவே வாழ்ந்த கப்பிகளை, அருவிக்கு மேலே கப்பியே இல்லாத கிளையோடையில் விட்டார். ஆண்களின் புள்ளிகள் சில தலைமுறைகளுக்குள் பெரிதாகின, பளிச்சிட்டன. டேவிட் ரெஸ்னிக்கும் சக ஆய்வாளர்களும் அதே ஓடைக்குப் பதினோரு ஆண்டு கழித்துப் போய்ப் பார்த்தபோது பருவமடையும் வயதும் உடலளவும் குட்டிகளின் எண்ணிக்கையும் அருவிமேல் கப்பியின் வழிக்கு மாறியிருந்தன. 1990இல் அது வெளியானது. 1997இல் அந்த மாற்றத்தின் வேகத்தைக் கணக்கிட்டார்கள்: புதைபடிவங்களிலிருந்து கணித்த வேகத்தைப் போலப் பத்தாயிரம் மடங்கு முதல் ஒரு கோடி மடங்கு வரை.

இங்கே கதையை நிறுத்தினால் பாடப்புத்தகத்துக்கு நன்றாக இருக்கும். வேட்டை மீன் இருந்தால் ஒரு மாதிரி, இல்லாவிட்டால் ஒரு மாதிரி. ஆனால் உள்ளே ஒரு கணக்கு இடித்தது. வேட்டை மீன்கள் வளர்ந்த கப்பிகளைப் பொறுக்கித் தின்கின்றன, ரிவ்யுலஸ் குட்டிகளைப் பொறுக்கித் தின்கிறது, அதனால்தான் இரண்டு இடத்திலும் வாழ்க்கை முறை வேறு என்று முதலில் நினைத்தார்கள். ரெஸ்னிக் குழு மீன்களுக்கு அடையாளமிட்டு, யார் பிழைத்தார், யார் செத்தார் என்று பார்த்தது. 1996இல் வந்த முடிவு வேறு மாதிரி இருந்தது. அருவிக்குக் கீழே சின்னது, பெரியது என்ற வேறுபாடின்றி எல்லா அளவிலும் சாவு கூடுதல். எல்லா வயதிலும் சாவு ஒரே மாதிரி கூடினால் பருவ வயது பரிணமிக்கக் காரணமில்லை என்பதுதான் எளிய கோட்பாட்டின் கணிப்பு. மீன்களோ பரிணமித்திருந்தன. அப்படியானால் சாவைத் தவிர வேறொன்றும் உள்ளே வேலை செய்கிறது.

அந்த வேறொன்றைத் தேடித்தான் 2008இலும் 2009இலும் குவானபோ ஆற்றின் கீழ்ப்பகுதிக் கப்பிகள் நான்கு கிளையோடைகளில் விடப்பட்டன: மேல் லலாஹா, கீழ் லலாஹா, டெய்லர், கைகுவல். நான்கிலும் அதுவரை ரிவ்யுலஸ் மட்டுமே இருந்தது. இரண்டு ஓடைகளில் மேலே கவிந்த மரக்கிளைகளைக் கழித்து வெளிச்சம் விழச் செய்தார்கள். அதற்குக் காரணம் இருக்கிறது. இயற்கையில் அருவிக்குக் கீழே ஆறு அகலம், வானம் திறந்திருக்கும், கல்லில் பாசி நன்றாக ஏறும், பூச்சிகளும் அதிகம். மேலே ஓடை குறுகல், மரநிழல், தீனி குறைவு. வேட்டை மீன் இல்லாததால் வந்த மாற்றமா, தீனி குறைந்ததால் வந்த மாற்றமா என்று பிரித்தறிய முடியாமல் இரண்டும் ஒட்டிக்கொண்டே வரும். கிளைகளைக் கழித்தது அந்த ஒட்டைப் பிரிக்கத்தான்.

இந்த வேலை எப்படி நடக்கும் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் முடிவுகள் அனைத்தும் இந்தக் கைவேலையின் மேல்தான் நிற்கின்றன.

ஓடை முழுவதும் மடு மடுவாகப் பிரித்து எண் கொடுக்கப்பட்டிருக்கும். கீழ்மடுவிலிருந்து மேல்மடு நோக்கிப் போக வேண்டும். மேலிருந்து இறங்கினால் கலக்கிய சேறு நமக்கு முன்னால் ஓடி மீனை மறைத்துவிடும். இரண்டு கையிலும் பட்டாம்பூச்சி வலை. ஒரு வலையை மீன் ஓடப்போகும் இடத்தில் முன்கூட்டியே தாழ்த்தி வைத்துவிட்டு, மற்றதால் மெல்ல ஓட்ட வேண்டும். பதறினால் மீன் கல்லிடுக்கில் நுழைந்துவிடும். பெரிய பெண்கள்தான் சாமர்த்தியசாலிகள், வலையின் விளிம்பை அறிந்து வைத்திருக்கும். குட்டிகள் கரையோர ஆழமற்ற தண்ணீரில் சருகுக்குள் கிடக்கும். அவற்றைப் பார்க்கக் கண் பழக வேண்டும். மடுவில் ஒரு மீனும் மிச்சமில்லை என்று மனம் ஒப்பும்வரை நகரக் கூடாது. காலில் ரப்பர் பூட்ஸ் கட்டாயம். மாபெப்பிரே என்று அவ்வூரார் சொல்லும் விரியன் வகைப் பாம்பு ஓடைக்கரைச் சருகில்தான் படுத்திருக்கும். மலையில் மழை பிடித்தால் தண்ணீரின் நிறம்தான் முதல் தகவல். தெளிந்த தண்ணீர் தேநீர் நிறத்துக்கு மாறினால் வலையைச் சுருட்டிக்கொண்டு கரையேறிவிட வேண்டும்.

பிடித்த மீன்களை மடுவாரியாகக் குப்பிகளில் இட்டு, முதுகுப்பையில் சுமந்து, ஆய்வகமாக மாற்றிய வீட்டுக்குக் கொண்டுவருவோம். மயக்க மருந்து கலந்த தண்ணீரில் மீன் சாய்ந்ததும் நுண்ணோக்கியின் கீழ் வைப்போம். இன்சுலின் ஊசியால் தோலுக்கடியில் மயிரிழை அளவு நிற ரப்பர் திரவம். உள்ளே போனதும் அது இறுகிவிடும், தோல் வழியே நிறம் தெரியும். எந்த இடத்தில் எந்த நிறம் என்ற சேர்க்கைதான் அந்த மீனின் பெயர். முதுகின் இடப்பக்கம் முன்னால் ஆரஞ்சு, வலப்பக்கம் பின்னால் நீலம் என்றால் உலகில் அது ஒருத்திதான். நீளம், எடை, ஒரு படம், மரபணுவுக்காக உரித்தெடுத்த சில செதில்கள். பிறகு தெளிந்த தண்ணீரில் நீந்தவிட்டு, பிழைத்தெழுந்ததை உறுதிசெய்து, பிடித்த மடுவிலேயே கொண்டுபோய் விடுவோம். அடுத்த மாதம் மறுபடி. ஒவ்வொரு மீனுக்கும் வாழ்க்கை வரலாறு சேரும். செதிலிலிருந்து அம்மா யார், அப்பா யார், எத்தனை பிள்ளை தங்கியது என்று குடும்ப மரமும் கிடைக்கும்.

உலர்பருவத்தில், ஜனவரி முதல் மே வரை, பழைய கொக்கோ தோட்டங்களுக்கு நிழலுக்காக வைத்த இம்மார்ட்டெல் மரங்கள் இலையுதிர்த்து ஆரஞ்சு நிறத்தில் பூக்கும். நம் கல்யாண முருங்கையின் நெருங்கிய உறவு அது. அரிமா சந்தையில் நான் பேசுவதைக் கேட்டுவிட்டு, தன் மூதாதை மதராஸ் கப்பலில் வந்திறங்கியவர் என்று சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்ட பாட்டி ஒருவர் உண்டு. அந்த ஊரை எனக்கு அந்நியமாக நினைக்க முடிந்ததே இல்லை.

மீனுக்கு வருகிறேன். விட்ட புதிதில் கப்பிகளுக்குக் கொண்டாட்டம். துரத்த வேட்டை மீன் இல்லை, கல்லைப் புரட்டினால் ஈக்களின் புழுக்கள் நெளியும், பாசி படர்ந்திருக்கும். பெண்கள் கொழுத்து வளர்ந்தன, ஈற்றுக்கு ஈற்று குட்டிகள் பிழைத்தன. குவானபோவில் என்ன மீனாக இருந்தனவோ இங்கும் அதே மீன்கள்: சீக்கிரம் பருவம், நிறையக் குட்டி. எதிரியைத் தூக்கிவிட்டோம், இனி மாறத் தொடங்கும் என்று காத்திருந்தால், உடனே எதுவும் மாறவில்லை.

எண்ணிக்கை மட்டும் ஏறிக்கொண்டே போனது. குப்பிகள் நிறைந்தன, அடையாளமிடும் மேசையில் இரவு நீண்டது. பிறகு அளவுகோலில் வேறொன்று தெரியத் தொடங்கியது. அதே அடையாளத்தோடு திரும்பத் திரும்பக் கையில் வரும் பெண்கள் வளர்வது குறைந்தது. முன்பு ஒரு மாத இடைவெளியில் வெறுங்கண்ணுக்கே தெரிந்த வளர்ச்சி, இப்போது வெர்னியரின் நுண்கோட்டில் தேடிப் பார்க்க வேண்டியதாயிற்று. மடுவில் கல்லைப் புரட்டினால் புழுக்கள் அருகிப் போயிருந்தன. மீன்கள் தங்கள் பெருக்கத்தாலேயே தங்கள் தீனியைக் குறைத்துவிட்டன.

விடுமுறையில் சென்னை வந்தபோது கொளத்தூரில் ஒரு வண்ணமீன் வியாபாரியிடம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். முப்பது ஆண்டுகளாகக் கப்பி வளர்ப்பவர். "தொட்டியில கூட்டம் ஜாஸ்தியானா மீன் அப்படியே நின்னுடும்மா. எவ்ளோ தீனி போட்டாலும் ஏறாது" என்றார். "அந்தக் குட்டிகளைப் பிரிச்சுத் தனித் தொட்டியில விட்டா, அண்ணே?" என்று கேட்டேன். "அப்புறம் ஏறிடும். ஜாதி மாறலையே!"

தொழில்காரரின் அந்தப் பதில்தான் எங்கள் ஆய்வுமுறையின் மையக் கேள்வி. கூட்டத்தால் ஒரு மீன் குன்றிப்போவது அதன் ஆயுளோடு முடிகிற சங்கதி. அது சூழலியல். கூட்டத்தில் பிழைக்கத் தெரிந்தவற்றின் வம்சம் மட்டும் மிஞ்சி, பிள்ளைகள் பிறவியிலேயே வேறாக இருந்தால் அது பரிணாமம். இரண்டையும் வெளியிலிருந்து பார்த்தால் பிரிக்க முடியாது. அதனால் ஓடையிலிருந்து கப்பிகளை ஆய்வகத்துக்குக் கொண்டுவந்து, ஒரே அளவு தண்ணீரும் எண்ணிப் போட்ட தீனியுமாக இரண்டு தலைமுறை வளர்ப்பார்கள். ஒரு தலைமுறை போதாது. பட்டினி கிடந்த தாயின் சாயல் குட்டியில் ஒட்டியிருக்கும். பேரப்பிள்ளைகளிலும் வேறுபாடு நின்றால்தான் அது மரபில் இறங்கியது என்று ஒப்புக்கொள்ளலாம்.

அப்படி வளர்த்துப் பார்த்ததில் தெரிந்ததுதான் என்னைப் பொறுத்தவரை இந்தத் துறையின் மிக அழகான கண்டுபிடிப்பு. 2019இல் அது வெளியானது. வேட்டை மீன் இல்லாததே நேரடிக் காரணமென்றால், இடம் மாற்றிய கையோடு தேர்வின் அழுத்தம் உச்சத்தில் இருக்க வேண்டும். மாற்றம் முதலில் வேகமாகவும் போகப்போக மெதுவாகவும் நடக்க வேண்டும். நடந்தது மறுதலை. முதலில் ஒரு தாமதம். மீன் பெருகி, மடு நெருக்கமாகி, தீனி குறைந்து, சூழலின் சாயலே மாறிய பிறகுதான் வாழ்க்கை முறை பரிணமிக்கத் தொடங்கியது. அந்தத் தாமதத்தின் நீளம் மீன்கள் ஓடையை மாற்றியமைக்க எடுத்துக்கொண்ட காலத்தோடு பொருந்தியது. நெரிசலைக் கணக்கில் சேர்த்த கோட்பாடு எந்தத் திசையில் மாறும் என்று சொன்னதோ, அந்தத் திசையிலேயே மாறின.

இதை நிதானமாக யோசித்துப் பாருங்கள். வேட்டை மீனிடமிருந்து விடுபட்டது வாசலைத் திறந்துவிட்டது, அவ்வளவுதான். அருவிமேல் கப்பியை அருவிமேல் கப்பியாக்கியது அதன் சொந்த இனத்தின் கூட்டம். தீனி கிடைக்காத மடுவில் சின்னக் குட்டி முதல் வாரத்திலேயே தோற்றுவிடும், அதனால் திடமான குட்டியை ஈன்ற தாயின் வம்சம் நின்றது. இளம் வயதிலேயே எல்லாவற்றையும் குட்டிகளில் கொட்டித் தீர்க்கும் பழக்கம் குவானபோவில் லாபம், ஏனென்றால் நாளை உயிரோடிருப்போமா என்பது அங்கே நிச்சயமில்லை; நெருக்கமான, நீண்ட ஆயுள் கிடைக்கிற ஓடையில் அதுவே நஷ்டம். பெருகியது மீன், ஓடையைக் காலியாக்கியது மீன், அந்தக் காலியான ஓடைக்குத் தக்க மாறியதும் அதே மீன்.

சரி, மாறிய மீன் ஓடையை வேறு விதமாக நடத்துகிறதா? இந்தக் கேள்வியில்தான் வட்டம் முழுமையடையும். ரான் பாஸரும் கூட்டாளிகளும் ஓர் ஓடைக்கரையில் வரிசையாகச் செயற்கை ஓடைகளைக் கட்டி, ஒரே ஊற்றுத் தண்ணீரை எல்லாவற்றிலும் ஓடவிட்டு, சிலவற்றில் அருவிமேல் கப்பியையும் சிலவற்றில் அருவிக்கீழ்க் கப்பியையும் விட்டார்கள். மீன்களின் எண்ணிக்கையையும் கூட்டிக் குறைத்துப் பார்த்தார்கள். தண்ணீர், கல், வெளிச்சம் எல்லாம் ஒன்று. வேறுபட்டது மீனின் பிறவியும் நெரிசலும்தான். கீழ்மீன்கள் பூச்சிகளையே தேடித் தேடித் தின்றன. மேல்மீன்கள் அவ்வளவு பொறுக்கவில்லை, பாசியையும் மட்கையும் சேர்த்துத் தின்றன. சில வாரங்களில் ஓடைகள் பிரிந்து நின்றன. கீழ்மீன்கள் இருந்தவற்றில் புழுக்கள் குறைந்து பாசி ஏறியது, மேல்மீன்கள் இருந்தவற்றில் பாசி இறங்கிப் புழுக்கள் தங்கின. சருகு மட்கும் வேகமும், தண்ணீரில் சத்து சுழலும் அளவும்கூட வேறுபட்டன. 2010இல் இந்த முடிவுகள் வெளிவந்தன. பேரினம் ஒன்று, சிற்றினம் ஒன்று, கடையில் வாங்கினால் விலையும் ஒன்று; ஆனால் எந்தக் கப்பி என்பதைப் பொறுத்து ஓடை வேறு ஓடையாகிறது. இதைப் படித்த பிறகு 'கப்பி இருக்கிறது' என்று மட்டும் குறிப்பேட்டில் எழுதி எனக்கு மனம் அடங்கியதில்லை.

ரிவ்யுலஸை யாரும் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. பழுப்பு உடம்பு, தட்டைத் தலை, வேர்களுக்கடியில் அசையாமல் கிடக்கும். கப்பி வருமுன் ஓடை அதன் சொத்து. நெருக்கமாக வாழ்ந்து மெதுவாக வளரும். ரிவ்யுலஸ் கப்பிக் குட்டிகளைத் தின்னும் என்பது பழைய செய்தி. அதற்குப் பதிலாகக் கப்பிகள் ரிவ்யுலஸின் சின்னஞ்சிறு குஞ்சுகளைத் தின்றுவிடுகின்றன. கப்பி வந்த ஓடையில் ரிவ்யுலஸ் எண்ணிக்கை சரியும். தப்பியவற்றுக்குத் தீனி கூடி, அவை வேகமாக வளரும். மேத்யூ வால்ஷும் ரெஸ்னிக்கும் ஆய்வகத்தில் தலைமுறை வளர்த்துப் பார்த்தபோது, கப்பியோடு வாழ்ந்த ரிவ்யுலஸின் வாழ்க்கை முறை மரபிலேயே தனித்து வாழ்ந்ததிலிருந்து பிரிந்திருந்தது. அந்தப் பிரிவுக்குக் கப்பியின் வாய் மட்டும் காரணமில்லை, கப்பியால் குறைந்த நெரிசலும் கூடிய தீனியும் பெரிய பங்கு வகித்தன. ஒரு மீன் பெருகி, பக்கத்து மீனின் நெருக்கத்தைக் குறைத்து, அதன் பரிணாமத்தையும் திசைதிருப்புகிறது. ஓர் உயிருக்கு இன்னோர் உயிர்தான் சூழல் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் இடம் எனக்குத் தெரியாது.

கப்பி ஒரு விதிவிலக்கா என்று மாணவர்கள் கேட்பார்கள். கலப்பகஸ் தீவுகளில் பீட்டர் கிராண்டும் ரோஸ்மேரி கிராண்டும் 1973 முதல் பல பத்தாண்டுகள் டாஃப்னி மேஜர் என்ற குட்டித் தீவில் குருவிகளை வளையமிட்டு எண்ணினார்கள். 1977 வறட்சியில் சின்ன விதைகளைக் குருவிகள் தின்று தீர்த்தபின் மிஞ்சியது நெருஞ்சி இனத்தின் முள்விதை. வயல் வரப்பில் வெறுங்காலோடு நடந்த எவருக்கும் அந்த முள்ளின் கெட்டித்தனம் தெரியும். அதை உடைக்கத் தடித்த அலகு வேண்டும். தடித்த அலகுக் குருவிகள் அதிகம் பிழைத்தன, அடுத்த தலைமுறையின் அலகு தடித்தது. வறட்சி தந்தது பஞ்சத்தை. எந்த விதை மிஞ்சும் என்பதைத் தீர்மானித்தது குருவிகளின் வாய். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநில ஏரிகளில் இன்னொரு சாட்சி. கடலுக்குப் போய்வரும் ஏல்வைஃப் மீன்கள் அணைகளால் ஏரிகளில் அடைபட்டன. ஆண்டு முழுதும் அங்கேயே இருந்து பெரிய மிதவை உயிர்களைத் தின்று தீர்த்து, மிஞ்சிய சின்னவற்றைப் பிடிக்கத் தோதாக வாய் சிறுத்து, செவுள் முள்களின் இடைவெளி நெருங்கி, வேறு மீன்களாக நிற்கின்றன.

இந்த ஊடாட்டத்தைப் பிடிக்க நீண்ட காலம் ஒரே இடத்தில், ஒரே உயிர்களை, தனித்தனியே அறிந்து எண்ண வேண்டும். தொகையை மட்டும் எண்ணியிருந்தால் 'பெருகியது, பிறகு நிலைத்தது' என்று முடித்திருப்போம். மரபணுவை மட்டும் பார்த்திருந்தால் 'மாறியது' என்று சொல்லியிருப்போம். நெருக்கம் முதலில் வந்தது, மாற்றம் பின்னால் வந்தது என்ற வரிசை, மாதா மாதம் ஒரே பெண்ணை அடையாளம் கண்டு அளந்ததால்தான் தெரிந்தது. மூன்றாண்டுத் திட்டம், மூன்றாண்டு நிதி என்ற நிர்வாகக் கணக்கில் இப்படிப்பட்ட வேலை அடங்காது. என் துறைக்காக நான் யாரிடமாவது கெஞ்ச வேண்டுமென்றால் பணத்தின் அளவுக்காகக் கெஞ்ச மாட்டேன், அதன் தொடர்ச்சிக்காகக் கெஞ்சுவேன்.

நம் ஊருக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. கொசு ஒழிப்புக்காகக் கப்பியைக் கொண்டுவந்து விடுவதை ஒரு மருந்து தெளிப்பதாக நினைக்கிறோம்: விட்டோம், வேலை செய்யும். விட்ட மீன் அப்படியே இருப்பதில்லை. பெரிய மீன் எதுவும் இல்லாத கிணற்றில் அது பெருகும், நெருங்கும், கிடைப்பதைத் தின்னப் பழகும். பூச்சியையே தேடித் தின்னும் கப்பியும் பாசியை மேயும் கப்பியும் ஒரே மீனின் இரண்டு முகங்கள் என்று செயற்கை ஓடைகள் காட்டிவிட்டன. எந்த முகம் நம் கிணற்றில் இருக்கிறது என்பது கொசுப்புழுவுக்கு மிக முக்கியமான வேறுபாடு. இதை அறியப் பெரிய ஆய்வகம் வேண்டாம். விடும் நாளில் ஒரு வலை மீனை அளந்து எழுதி வைப்பது, ஆறு மாதத்துக்கொரு முறை அதே கிணற்றில் மறுபடி அளப்பது, பெண்களின் நீளத்தையும் அவை ஈனும் குட்டிகளின் எண்ணிக்கையையும் குறித்துக்கொள்வது, பக்கத்தில் வேட்டை மீன் உள்ள குளத்துக் கப்பியோடு ஒப்பிடுவது. அருகிலுள்ள கல்லூரி விலங்கியல் துறையின் இளநிலை மாணவர்களால் முடிகிற வேலை. வலை, அளவுகோல், நோட்டுப் புத்தகம், இரண்டு தலைமுறை வளர்க்கச் சில தொட்டிகள். இப்போதெல்லாம் தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் பேசக் கூப்பிட்டால், படங்களைக் காட்டி முடித்ததும் மாணவர்களைப் பக்கத்துக் குளத்துக்கு அழைத்துப்போய் வலையைக் கையில் கொடுத்து, கீழ்ப்பக்கத்திலிருந்து தொடங்கச் சொல்கிறேன்.